48,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அம்மாவின் உயிரோடு விளையாடினார்கள்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். அடங்கிவிட்டால் மரியாதையாக எழுதிவிடுவேன். வெள்ளவத்தையில் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாக ஒரு தனியார் தோல் பராமரிப்பு நிலையம். அம்மாவின் ஒவ்வாமையைக் குணப்படுத்துவதாகச் சொல்லி 48,500 ரூபாய் வாங்கினார்கள்.

யூரிக் அமிலம் கூடியதால் அம்மா அலோபியூரினோல் குளிசை குடிக்கத் தொடங்கியிருந்தார். மூன்றாவது வாரம் நெஞ்சிலும் முதுகிலும் சிவந்த தடிப்புகள். அந்த நிலையத்தில் வெள்ளை மேலங்கி அணிந்த பெண் அம்மாவின் கையைப் பிடித்து, "பயப்படாதீர்கள் அன்ரி, என் அம்மாவைப் போலப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அம்மா அந்த இடத்திலேயே கரைந்துவிட்டார். இரத்தம் அசுத்தமாம், 6 அமர்வுகளில் சுத்தமாகிவிடுமாம். என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று கேட்கவேயில்லை. அம்மாவாகவே கைப்பையிலிருந்து குளிசை அட்டையை எடுத்துக் காட்டினார். "அது மூட்டுக்குத்தானே அன்ரி, விடாமல் குடியுங்கள்" என்று சொல்லி, பெயர் ஒட்டாத டப்பாவில் ஒரு களிம்பைக் கொடுத்தார்.

காய்ச்சல் வந்து, உதடு வெடித்து, கண் சிவந்தபோது தொலைபேசியில் அழைத்தேன். "நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி." மறுபடி அழைத்தால் மேடம் கூட்டத்தில். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை.

தேசிய வைத்தியசாலையில் ஒரு சதமும் வாங்காத இளம் வைத்தியர் கேட்ட முதல் கேள்வியே, "அண்மையில் புதிதாக என்ன மருந்து தொடங்கினீர்கள்?" என்பதுதான். குளிசையை உடனே நிறுத்தி, விடுதியில் சேர்த்தார். இந்த மருந்தின் கடும் எதிர்விளைவு பெரும்பாலும் முதல் 8 வாரங்களுக்குள்தான் வருமாம். தடிப்போடு வாயும் கண்ணும் புண்ணானால், மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் கொப்பளித்து உரியும் ஸ்டீவன்ஸ் ஜோன்சன் நோயோ என்று பார்க்க வேண்டுமாம். ஆளையே கொல்லக்கூடியது. அதைத்தான் நல்ல அறிகுறி என்றார்கள்!

அம்மா தேறிவருகிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பக்கேஜ் தொடங்கிவிட்டது, விதிமுறை பில்லின் பின்பக்கம் இருக்கிறது." பார்த்தால் எறும்பு ஊர்ந்ததுபோல ஆங்கிலம். வேண்டுமானால் மீதி அமர்வுகளை நான் எடுத்துக்கொள்ளலாமாம், முகம் பொலிவாகுமாம். 48,500 ரூபாய்க்கு எனக்குப் பொலிவு!

விரிவாக அறிவுரை எழுத நினைத்தேன், விடுதிக்குச் சாப்பாடு கொண்டுபோக நேரமாகிறது. புது மருந்துக்குப் பின் தடிப்பு வந்தால், அதை எழுதிக்கொடுத்த வைத்தியரிடம் அன்றே போங்கள். தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிவு, கொப்புளம், தொட்டாலே நோகும் தோல் என்று எது சேர்ந்தாலும் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வலிப்புக்குக் கார்பமசெப்பின் என்ற மருந்தைத் தொடங்கியவர்களும் கவனம், அதற்கும் இதே எதிர்விளைவு வரலாம். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை எழுதிப் பணப்பையில் வையுங்கள். பெயரில்லாத டப்பாவை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். 48,500 ரூபாயும் வரும்வரை விடப்போவதில்லை.