ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள்

நான் பி.காம். படித்தவள். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எந்த பேலன்ஸ் ஷீட்டைக் கொடுத்தாலும் கண் முதலில் கடைசி வரிக்குத்தான் போகும். அப்படிப்பட்டவள் என் உடம்பைப் பற்றிய இரண்டு பக்கக் காகிதத்தின் கடைசி வரியைப் படிக்காமல் ஐந்து மாதம் பீரோவில் வைத்திருந்தேன். அந்த வரியைப் படித்துச் சொல்ல வேண்டியவரும் படிக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

2022 பொங்கல் வாரம். குளிக்கும்போது இடது மார்பில், வெளிப்பக்கமாக, கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வேகாத பட்டாணி மாதிரி கெட்டியாக இருந்தது. வலி இல்லை. மாதவிடாய் வந்து போனால் கரைந்துவிடும் என்று காத்திருந்தேன். வந்து போயிற்று, கட்டி அங்கேயே இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத சாமி, முதல்ல டாக்டரைப் பார்த்துடலாம்" என்றார். அந்த வருடம் எனக்கு ஜாதகம் எடுத்திருந்தார்கள்.

எங்கள் பகுதியில் பெயர் பெற்ற ஒரு லேடி டாக்டர். எனக்குத் தெரிந்த பாதிப் பேர் அவரிடம்தான் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். டோக்கன் 41. உள்ளே போனதும், "வயசு என்ன கண்ணு?" என்றார். இருபத்தெட்டு என்றேன். "அப்ப பயப்பட ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் பார்க்கவே ஆரம்பித்தார். சுடிதாருக்கு மேலேயே இரண்டு விரலை வைத்து அழுத்தினார். அக்குளைத் தொடவில்லை. இன்னொரு பக்கத்தையும் தொடவில்லை. "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வா" என்று எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் எடுத்தேன். கட்டி 1.7 செ.மீ. ரிப்போர்ட்டோடு திரும்பிப் போனபோது அவர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். "நார்க்கட்டிதான், ஃபைப்ரோஅடினோமா. இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு வர்றதுதான். கல்யாணம் ஆகி குழந்தை பிறந்தா தன்னால சரியாகிடும்" என்றார். ப்ரிம்ரோஸ் எண்ணெய் காப்ஸ்யூலும் வைட்டமின் ஈ மாத்திரையும் மூன்று மாதத்துக்கு எழுதினார். அம்மா வெளியே வந்ததும் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் சூடம் ஏற்றினார். எனக்கும் நிம்மதிதான், பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் இருந்தது இது: பை-ராட்ஸ் 4ஏ, சஜஸ்டட் ஹிஸ்டோபேத்தாலஜிக்கல் கோரிலேஷன். எனக்கு அது ஏதோ சடங்குக்குப் போடும் வாக்கியம் மாதிரித் தெரிந்தது. பில்லின் அடியில் 'பிழைகள் திருத்தத்துக்கு உட்பட்டவை' என்று அச்சடித்திருப்போமே, அந்த மாதிரி. தமிழில் அதன் அர்த்தம் இவ்வளவுதான்: ஊசி போட்டு சதை எடுத்துப் பரிசோதனை (பயாப்சி) செய்யுங்கள்.

இந்த எண் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மார்பக ஸ்கேன், மேமோகிராம் எல்லாவற்றிலும் கடைசியில் பை-ராட்ஸ் என்று ஒரு எண் போடுவார்கள். 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் கெடுதல் இல்லாதது. 3 என்றால் அநேகமாகக் கெடுதல் இல்லை, புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகாது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4 வந்துவிட்டால் பயாப்சி பற்றிப் பேசியாக வேண்டும். அதிலேயே 4ஏ என்றால் 2 முதல் 10 சதவீதம், 4பி என்றால் 50 வரை, 4சி என்றால் 95 வரை. 5 என்றால் அதற்கும் மேலே. 0 என்று போட்டிருந்தால் நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள், பார்த்தது போதவில்லை, இன்னும் படம் எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

என்னுடையது 4ஏ. அதாவது பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஒன்றும் இருக்காது. இளம் பெண்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை நார்க்கட்டிகள்தான், அந்த டாக்டர் சொன்னது ஊகமாகப் பார்த்தால் தப்பே இல்லை. ஊகத்தோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு. என் வயதைப் பார்த்தார், காகிதத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் மாத்திரை முடிந்தது. கட்டி பட்டாணியிலிருந்து புளியங்கொட்டை ஆகிவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. மே மாதம் மறுபடி போனேன். "பெரிசாயிருக்கிற மாதிரி இருக்குங்க மேடம், வேற டெஸ்ட் ஏதாவது எடுக்கணுமா?" என்று கேட்டேன். அதற்கு முன்னால் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை, நாக்கு வறண்டுவிட்டது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கூகுள் பார்த்துட்டு வர்றீங்களா எல்லாரும்? தினமும் தொட்டுப் பார்த்தா பெரிசாத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி மார்ல ஊசி குத்தித் தழும்பு வேணுமா?" அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "டாக்டரையே எதிர்த்துப் பேசறியா?" என்று ஆட்டோவில் திட்டு. எதிர்த்துப் பேசவில்லை, கேள்விதான் கேட்டேன். எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றுதான்.

இந்தத் தழும்புப் பேச்சுக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். ஊசி நுழைந்த இடம் எனக்கு ஒரு கடுகளவு புள்ளி. ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னதற்கும் ஆதாரம் கிடையாது.

அப்புறம் சித்தப்பா சொல்லி ஜூன் மாதம் ஒரு நர்சிங் ஹோம் போனோம். அங்கே ஒரு சர்ஜன். அவர் நேர் எதிர். தொட்ட உடனே, "எடுத்துடலாம். காலைல வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். 35,000 ஆகும்" என்றார். எடுத்த கட்டியை டெஸ்ட்டுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். "தேவைன்னா அனுப்பலாம், அது தனி சார்ஜ். பார்த்தாலே தெரியும்மா, நார்க்கட்டிதான்." முன்பணம் 5,000 கட்டினோம். ஆபரேஷனுக்குப் புது ஸ்கேன் வேண்டும் என்று சொன்னதால்தான் பழைய ஸ்கேன் சென்டருக்கே மறுபடி போனேன். அந்த ஒரு காகிதத்தைக் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

ஸ்கேன் டாக்டர் போன தடவை பார்த்த அதே பெண்மணிதான். ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தவர் திரையைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டார். பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். "போன தடவையே பயாப்சின்னு எழுதியிருந்தேனேம்மா, எடுக்கலையா?" என்றார்.

எனக்கு யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அக்குளில் கருவியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கட்டி 2.9 செ.மீ., அக்குளில் ஒரு நெறி, பை-ராட்ஸ் 4சி. வெளியே வந்து அம்மாவை உட்கார வைத்து, "ஊசி டெஸ்ட் எடுக்காம கத்தி வைக்க விடாதீங்க. கோயம்புத்தூர்ல புற்றுநோய் டாக்டரைப் பாருங்க, இந்த வாரமே" என்றார். அந்த ஆறு மாதத்தில் எனக்குச் சரியாக வேலை செய்த ஒரே மருத்துவர் அவர்தான். அவரை எனக்கு முன்பின் தெரியாது.

கோயம்புத்தூரில்தான் மார்பகப் பரிசோதனை என்றால் என்ன என்று தெரிந்தது. உட்கார வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, படுக்க வைத்து, இரண்டு பக்கமும், இரண்டு அக்குளும், கழுத்து எலும்புக்கு மேலேயும் பார்த்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் தடித்த ஊசியை விட்டு ஐந்து துண்டு எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். இதை ட்ரூகட் அல்லது கோர் பயாப்சி என்பார்கள். எஃப்.என்.ஏ.சி. என்று மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுப்பது வேறு, அதில் செல்கள் மட்டும்தான் வரும். கோர் பயாப்சியில் சதையே வருவதால் என்ன வகை, எந்த ஹார்மோனுக்குக் கட்டுப்படும் என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

புற்றுநோய். ட்ரிப்பிள் நெகட்டிவ் என்ற வகை. இளம் பெண்களிடம் கூடுதலாகப் பார்க்கப்படுவது, வேகமாக வளர்வது. ஸ்கேனில் உருண்டையாக, ஓரம் சீராக, சாதாரண நார்க்கட்டி மாதிரியே வேஷம் போடக்கூடியதும் இதுதானாம். "பார்த்தாலே தெரியும்" என்ற சர்ஜன் ஞாபகம் வந்தது.

அங்கே டாக்டர் கேட்ட இன்னொரு கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. "அப்பா வீட்டுப் பக்கம் யாருக்காவது மார்பிலயோ சினைப்பையிலயோ புற்றுநோய் இருந்துதா?" என் பெரிய அத்தை நாற்பத்து மூன்று வயதில் வயிற்றில் கட்டி வந்து இறந்தவர். அம்மா வீட்டு வழியைத்தான் பார்க்க வேண்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மரபணுப் பரிசோதனையில், மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற பி.ஆர்.சி.ஏ.1 மரபணுப் பழுது வந்தது, அப்பா வழியாக. அப்பாவிடமிருந்தும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் இது வரும். அப்பா ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவர் செய்த குற்றம் போல நினைத்துக்கொண்டார் பாவம்.

முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன் என்பது திட்டம். நர்சிங் ஹோமில் அவசரமாக எடுத்திருந்தால் அந்த வழியே அடைபட்டிருக்கும், மருந்து கேட்கிறதா இல்லையா என்று பார்க்கக் கட்டியே இருந்திருக்காது. வேறு இடத்தில் கட்டியை எடுத்தவர்கள் தழும்போடு வருவார்கள், ரிப்போர்ட் கேட்டால் "கட்டியைக் குப்பையில போட்டுட்டாங்க" என்பார்கள் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னார். எனவே எந்தக் காரணத்துக்காக உடம்பிலிருந்து கட்டி எடுத்தாலும் அது பேத்தாலஜிக்கு, அதாவது சதைப் பரிசோதனைக்கு, போக வேண்டும், ரிப்போர்ட் உங்கள் கைக்கு வர வேண்டும்.

கீமோ தொடங்குவதற்கு முன்னால் கருமுட்டை சேமிப்பது பற்றிக் கேளுங்கள், கல்யாணம் ஆகவில்லை என்றாலும். எனக்கு அதைச் சொன்னார்கள், இரண்டு வாரம் அவகாசமும் கொடுத்தார்கள். சிகிச்சையைப் பற்றி இங்கே நிறைய எழுதப் போவதில்லை. ஆகஸ்டில் தொடங்கி, அடுத்த பொங்கல் தாண்டி ஆபரேஷன், பிறகு கதிர்வீச்சு. இப்போது வேலைக்குப் போகிறேன். சம்பளம் 21,000-க்குள் இருந்ததால் எனக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தது, மாதாமாதம் பிடிப்பதை மட்டுமே அதுவரை கவனித்திருந்தேன். சிகிச்சைச் செலவும், வேலைக்குப் போகாத மாதங்களில் சம்பளத்தில் 80 சதவீதமும் அதில்தான் வந்தது.

கட்டிய 5,000 கதைக்கு வருகிறேன். ஆபரேஷன் வேண்டாம் என்றதும், தியேட்டர் புக் பண்ணியாச்சு என்று திருப்பித் தர மறுத்தார்கள். என் ஃபைலின் நகலும் தர மறுத்தார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002 முதல் இருக்கிற மருத்துவக் கவுன்சில் விதி. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் போட்டேன். நான்காம் நாள் ஃபைலும் வந்தது, கேட்காமலே 5,000-மும் வந்தது. லேடி டாக்டர் மேல் வழக்குப் போடலாமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்றார். ஆனால் அந்த ஐந்து மாதத் தாமதத்தால் இன்ன நஷ்டம் என்று நிரூபிக்க வேறு டாக்டர்கள் சாட்சி சொல்ல வேண்டுமே என்று இழுத்தார். அப்போது எனக்கு மூன்றாவது கீமோ. விட்டுவிட்டேன். அது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

நான் கேட்கத் தவறிய கேள்வியை நீங்கள் கேளுங்கள். "நார்க்கட்டின்னு எதை வச்சு சொல்றீங்க டாக்டர், வயசை வச்சா, டெஸ்ட்டை வச்சா?" கோபப்பட்டால், "சரிங்க, பயாப்சி தேவையில்லைன்னு இந்தச் சீட்டுல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று பணிவாகவே கேளுங்கள். போன வருடம் அத்தை மகளுக்கு ஒரு கட்டி வந்தபோது கூடப் போய் இதைத்தான் கேட்டேன். டாக்டர் என்னை ஒரு முறை பார்த்தார், பேனாவைப் பார்த்தார், பிறகு பயாப்சி எழுதிக் கொடுத்தார். அவளுக்கு வந்தது நார்க்கட்டியேதான். மூவாயிரத்துச் சொச்சம் செலவு, ஒரு வாரத் தூக்கம் போயிற்று. அவ்வளவுதான்.

அக்டோபரில் அந்த நர்சிங் ஹோமிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. என் நம்பர் இன்னும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது போல. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்தை முன்னிட்டு இலவசப் பரிசோதனை முகாம், 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும்.