ஸ்காட்லாந்து: தனி நாடா, கூடுதல் அதிகாரமா?

பிரிட்டனை விட்டுப் பிரிவதா என்று கேட்டு 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தில் பொது வாக்கெடுப்பு நடந்தது. 16 வயது ஆனவர்களுக்கும் ஓட்டு உண்டு. 84.6 விழுக்காடு பேர் வாக்களித்தார்கள். பிரிய வேண்டாம் என்றவர்கள் 55.3 விழுக்காடு, பிரிவோம் என்றவர்கள் 44.7. அத்தோடு பேச்சு அடங்கிவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். இரண்டே ஆண்டில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதா என்ற பிரெக்சிட் வாக்கெடுப்பு வந்து மறுபடி கிளறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்தில் 62 விழுக்காடு பேர் சொன்ன பிறகும், பிரிட்டன் மொத்தக் கணக்கில் அவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று.

முன்னால் இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, தனி நாடு. மற்றது, பிரிட்டனுக்குள் இருந்துகொண்டே, தலைநகர் எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்தின் ஹோலிரூட் நாடாளுமன்றத்துக்கு இன்னும் அதிகாரம் கேட்டு வாங்குவது. என் சாய்வு இரண்டாவது பக்கம்தான். அதற்குக் காரணம் நாணயம்: எந்தக் காசில் சம்பளம் வாங்கி, எந்தக் காசில் கடன் கட்டுவது என்ற கேள்வி.

தனி நாடாகும் தகுதி ஸ்காட்லாந்துக்கு உண்டா என்பதில் நேரம் செலவிட வேண்டியதில்லை. தனிச் சட்ட முறை, தனிக் கல்வி முறை, ஏறத்தாழ 54 லட்சம் மக்கள். அதே அளவுள்ள நார்வேயும் டென்மார்க்கும் நன்றாகவே வாழ்கின்றன. பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிகள் நிற்கும் ஃபாஸ்லேன் தளம் ஸ்காட்லாந்தில் இருப்பது பெரிய சிக்கல்தான், ஆனால் அது இரு அரசுகள் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய சிக்கல்.

உள்ளே இருப்பதால் இதுவரை கிடைத்தது என்ன? 2017 ஏப்ரல் முதல் சம்பளம், ஓய்வூதியம் ஆகியவற்றின் மீதான வருமான வரியின் விகிதங்களையும் அடுக்குகளையும் ஹோலிரூட்டே நிர்ணயிக்கிறது. 2024-25இல் அங்கே ஆறு அடுக்குகள், 19 விழுக்காட்டில் தொடங்கி 48 வரை. இங்கிலாந்தில் மூன்றுதான், உச்சம் 45. நம் ஊரில் வேளாண் வருமானம் தவிர வேறெதற்கும் மாநிலம் வருமான வரி போட முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று புரியும். சொத்து வாங்கும்போது கட்டும் வரியை 2015 முதல் ஸ்காட்லாந்தின் சொந்த வரித்துறை வசூலிக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களில் 16 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வாராவாரம் தரும் உதவித்தொகை 2021இல் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் 10 பவுண்டு என்று தொடங்கி, 2022 நவம்பரில் 25 ஆனது. மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்குக் கட்டணம் இல்லை. இவை எதற்கும் தனி நாடு தேவைப்படவில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. கடன் வாங்க உச்சவரம்பு உண்டு. குடியேற்றம், நிறுவன வரி, வட கடல் எண்ணெய் வரி எல்லாம் லண்டன் கையில். ஒருவர் தன் பாலினத்தைச் சட்டப்படி மாற்றிக்கொள்வதை எளிதாக்க ஹோலிரூட் நிறைவேற்றிய பாலின அங்கீகார மசோதாவை 2023 ஜனவரியில் லண்டன் அரசு தடுத்து நிறுத்தியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், லண்டன் சம்மதமில்லாமல் இன்னொரு வாக்கெடுப்பு நடத்த ஹோலிரூட்டுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லியிருந்தது. பிரிவினை கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இனி நாணயம். கிளாஸ்கோ கடையில் நீங்கள் வாங்கும் நோட்டில் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, கிளைட்ஸ்டேல் பேங்க் என்று மூன்று வங்கிகளில் ஒன்றின் பெயர் இருக்கலாம். பார்த்தால் தனி நாணயம் போலத் தோன்றும். ஆனால் அவை அச்சிடும் நோட்டுகளுக்கு ஈடு வைத்தாக வேண்டும். அந்த ஈட்டுக்காகவே பேங்க் ஆஃப் இங்கிலாந்து புழக்கத்துக்கு வராத நோட்டுகளை வைத்திருக்கிறது: 10 லட்சம் பவுண்டு மதிப்புள்ளது 'ஜயன்ட்', 10 கோடி பவுண்டு மதிப்புள்ளது 'டைட்டன்'. படம் எடின்பரோவுடையது, பலம் லண்டனுடையது.

பிரிந்தால் மூன்று வழிகள். முதலாவது, இங்கிலாந்தோடு சேர்ந்து ஒரே நாணயத்தை நிர்வகிப்பது. 2014இல் பிரிவினைத் தரப்பு கேட்டது இதைத்தான். அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கே வந்து முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு தரப்பு சம்மதிக்காவிட்டால் அந்தக் கதவு மூடியதுதான்.

இரண்டாவது, யாரையும் கேட்காமல் பவுண்டையே புழங்குவது. ஈக்வடார் 2000 முதல் அமெரிக்க டாலரை அப்படித்தான் வைத்திருக்கிறது. கடைக்காரருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வங்கி தள்ளாடும் நாளில்தான் தெரியும். நிதி நெருக்கடியில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைத் தூக்கி நிறுத்த பிரிட்டிஷ் அரசு 4,550 கோடி பவுண்டு போட்டது. சொந்தமாகப் பணம் அச்சிட முடியாத அரசு அந்தத் தொகையை வெளியே கடனாகத்தான் திரட்ட வேண்டும், அதுவும் எல்லோரும் கைவிரிக்கும் நேரத்தில்.

மூன்றாவது, சொந்த நாணயம். 2022இல் ஸ்காட்லாந்து அரசு வெளியிட்ட திட்டம் முதலில் பவுண்டு, நிலைமை கனிந்ததும் ஸ்காட்டிஷ் பவுண்டு என்கிறது. சிக்கல் அந்த இடைவெளியில் இருக்கிறது. நாளை நாணயம் மாறும், மதிப்பு இறங்கலாம் என்று தெரிந்தால் சேமிப்பு வைத்திருப்பவர் என்ன செய்வார்? இன்றே இங்கிலாந்து வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுவார்.

செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்தது இதுதான். 1993 ஜனவரி 1 அன்று செக், ஸ்லோவாக்கியா என்று சண்டையில்லாமல் பிரிந்தார்கள். மத்திய அரசின் சொத்துகளைப் பெரும்பாலும் மக்கள்தொகைப்படி 2:1 என்று பங்கிட்டார்கள். குறைந்தது ஆறு மாதம் பொது நாணயம் என்று ஒப்பந்தம். ஸ்லோவாக் பணம் மதிப்பிழக்கும் என்ற பயத்தில் சேமிப்புகள் செக் வங்கிகளுக்கு ஓட, பிப்ரவரி 8ஆம் தேதியே பொது நாணயம் முடிந்துபோனது. புது நோட்டு கைவசம் இல்லாததால் பழைய கொருனா நோட்டுகளின் மேல் ஆளுக்கொரு ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தார்கள். பயந்தது போலவே அந்த ஜூலையில் ஸ்லோவாக் கொருனாவின் மதிப்பு 10 விழுக்காடு குறைக்கப்பட்டது.

வீட்டுக் கடனில் வைத்துப் பார்ப்போம். 2 லட்சம் பவுண்டு கடன், 25 ஆண்டு, 5 விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை 1,169 பவுண்டு. கடன் பழைய பவுண்டிலேயே நிற்க, சம்பளம் புது நாணயத்துக்கு மாறி, அது 15 விழுக்காடு சரிந்தால் தவணை புதுக் காசில் 1,375 ஆகிவிடும். மாதம் 206 கூடுதல், 25 ஆண்டுக்கு. கடனையும் சட்டம் போட்டுப் புது நாணயத்துக்கு மாற்றலாமே என்றால், ஸ்காட்லாந்து சட்டத்தின் கீழ் எழுதிய பத்திரங்களுக்கு அது செல்லும், இங்கிலாந்து சட்டத்தின் கீழ் எழுதியவற்றுக்குச் செல்லாது. மாற்றிய கடனில் வரும் நட்டம் வங்கி தலையில் விழும். அந்த வங்கியைத் தாங்கப் புது அரசிடம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வேண்டும். ஆனால் ஸ்காட்லாந்து அரசே வெளியிடும் வரவு செலவுக் கணக்குப்படி, எண்ணெய் வருவாயில் அதன் பங்கைச் சேர்த்தும் 2023-24இல் பற்றாக்குறை 2,270 கோடி பவுண்டு, பொருளாதாரத்தில் 10.4 விழுக்காடு. இது பிரிட்டனுக்குள் இருக்கும்போது வரும் கணக்கு, பாதுகாப்புச் செலவு உட்படப் பல தொகைகள் பங்கு வைத்துப் போட்டவை. தனி நாட்டில் எண் மாறும். ஆனாலும் பற்றாக்குறையோடு தொடங்கும் அரசு கையிருப்பு சேர்ப்பது கடினம்.

அயர்லாந்து செய்து காட்டியதே என்பார்கள். செய்தது உண்மை. 1922இல் பிரிந்து, 1928இல் சொந்த நோட்டு வெளியிட்டு, 1979 மார்ச் வரை பிரிட்டிஷ் பவுண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்றே வைத்திருந்தது. எனக்கு எதிரான வலுவான சான்று இதுதான். ஆனால் அந்தக் காலத்து டப்ளின் அரசு மிகச் சிக்கனமாக நடந்தது. 1924இல் முதியோர் ஓய்வூதியத்திலேயே வாரம் ஒரு ஷில்லிங் வெட்டினார்கள். இலவச மருத்துவமும் குழந்தை உதவித்தொகையும் பழகிப்போன இன்றைய ஸ்காட்லாந்து வாக்காளர் அதை ஏற்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால் எல்லாம் சரியாகும் என்பதும் நாணயத்தில்தான் வந்து முட்டுகிறது. யூரோவுக்குப் போகும் முன் குறைந்தது இரண்டு ஆண்டு சொந்த நாணயத்தை யூரோவோடு பிணைத்துக் காட்ட வேண்டும். பவுண்டைக் கடன் வாங்கிப் புழங்கும் நாடு அதைச் செய்ய முடியாது. ஸ்காட்லாந்தின் ஏற்றுமதியில் சுமார் 60 விழுக்காடு பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்குத்தான் போகிறது. ஐரோப்பியச் சந்தைக்குள் போனால் இங்கிலாந்து எல்லையில் சுங்கச் சோதனை வரும். அதன் செலவு எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள், நான் எந்த எண்ணையும் பிடித்துக்கொள்ளவில்லை.

புது நாணயம் வரும் தேதி, கையிருப்புக்கு எங்கிருந்து எவ்வளவு, பழைய கடன் பத்திரங்களுக்கு எந்தச் சட்டம் என்ற மூன்றுக்கும் எண்ணோடு பதில் சொல்லும் திட்டம் வந்தால் நான் மறுபடி யோசிப்பேன். உள்ளே இருக்கச் சொல்பவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. வட அயர்லாந்துக்கு 1998 சட்டம் தெளிவான வழி வைத்திருக்கிறது: பெரும்பான்மை பிரிவை விரும்புவதாகத் தோன்றினால் அமைச்சர் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது ஏழு ஆண்டு இடைவெளி வேண்டும். ஸ்காட்லாந்துக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை. அதை எழுதித் தரச் சொல்லி முதலில் கேட்க வேண்டியவர்கள் என்னைப் போலச் சேர்ந்திருப்பதே நல்லது என்பவர்கள்தான். இடைவெளி ஏழு ஆண்டா பதினைந்தா என்பதை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.