நேரம் சரி, வீச்சு சரியில்லை: பழைய கைக்கடிகாரங்களுக்கு ஒரு டைம்கிராஃபர்

அப்பாவின் சீக்கோ நாளொன்றுக்கு நான்கு விநாடிதான் பிந்திக்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டு கண்ட கடிகாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அதைத் திறக்காமலேயே வைத்திருந்தேன். கடிகாரத்தின் 'டிக்' ஒலியைக் கேட்டு அதன் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கைக்கு வந்த அன்று முதலில் ஏற்றிப் பார்த்ததும் அதைத்தான். திரையில் மூன்று எண்கள் வந்தன: கழித்தல் 4 விநாடி, துடிப்புப் பிழை 1.8 மில்லிவிநாடி, வீச்சு 174 பாகை. மூன்றாவது எண்ணைப் பார்த்த பிறகு அந்தக் கடிகாரத்தை மறுபடி கையில் கட்ட மனம் வரவில்லை.

இருபுறமும் ஊசலாடிக் கடிகாரத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் பேலன்ஸ் சக்கரம், ஓய்வு நிலையிலிருந்து ஒரு பக்கமாக எத்தனை பாகை சுழன்று திரும்புகிறது என்பதுதான் வீச்சு. முழு விசை ஏற்றி, டயல் மேல்நோக்கிக் கிடக்கும்போது 270 முதல் 310 வரை இருந்தால் கடிகாரம் நலம். பழைய கடிகாரத்தில் 250 வந்தாலே எனக்குத் திருப்திதான். 200-க்குக் கீழே போனால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது, அல்லது ஏதோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் நான்கு விநாடி மட்டும் பிந்தியது எப்படி? பின்மூடியைத் திறந்ததும் விடை தெரிந்தது. வேகம் திருத்தும் ரெகுலேட்டர் ஊசியை யாரோ கூட்டல் பக்கத்தின் விளிம்புவரை தள்ளி வைத்திருந்தார்கள். தளர்ந்துபோன கடிகாரத்தைச் சுத்தம் செய்யாமல், அதன் வேகத்தை மட்டும் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். முழுவதும் பிரித்துக் கழுவி, புது எண்ணெய் இட்டு ஓடவிட்டபோது வீச்சு 262 ஆனது. கூடவே நாளொன்றுக்கு 90 விநாடிக்கு மேல் முந்த ஆரம்பித்தது. ஊசியை நடுப்பகுதிக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது.

நான் வைத்திருப்பது வீட்டு மேசையில் அடங்கும் சிறிய வகை. ஒரு திரைப்பெட்டி, கடிகாரத்தைக் கவ்விப் பிடிக்கும் ஒரு தாங்கி, அந்தத் தாங்கிக்குள் ஒரு மைக். தொழில்முறைப் பட்டறைகளில் இருக்கும் விட்ச்சி போன்ற கருவிகளோடு இதை ஒப்பிடக் கூடாது. ஒருகாலத்தில் வைப்ரோகிராஃப் கருவிகள் காகிதச் சுருளில் புள்ளி புள்ளியாக அச்சிட்டுக் கொடுத்த அதே கோட்டை இது திரையில் வரைகிறது. கோடு மேலேறினால் முந்துகிறது, கீழிறங்கினால் பிந்துகிறது. 'டிக்' ஒரு கோடும் 'டக்' ஒரு கோடுமாகப் பிரிந்து தெரிந்தால், அந்த இடைவெளிதான் துடிப்புப் பிழை.

காதுக்கு ஒரே 'டிக்' என்று கேட்பது உண்மையில் மூன்று ஒலிகள். பேலன்ஸின் கல், அதற்கும் எஸ்கேப் சக்கரத்துக்கும் நடுவே ஆடும் கவையான பாலெட் ஃபோர்க்கைத் தட்டுவது முதல் ஒலி. விசையைத் துடிப்பு துடிப்பாக விடும் எஸ்கேப் சக்கரத்தின் பல், ஃபோர்க்கில் உள்ள பாலெட் கல்லை உந்துவது இரண்டாவது. அடுத்த பல் மற்றொரு கல்லில் வந்து நிற்பது மூன்றாவது. முதல் ஒலிக்கும் மூன்றாவது ஒலிக்கும் இடையிலுள்ள நேரத்தை வைத்துத்தான் கருவி வீச்சைக் கணக்கிடுகிறது. அதற்கு, அந்த நேரத்துக்குள் பேலன்ஸ் சுழலும் கோணமான லிஃப்ட் ஆங்கிள் தெரிய வேண்டும். கருவி தானாக 52 பாகை என்று வைத்துக்கொள்கிறது. நிறையக் கடிகாரங்களுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

இதை நான் கற்றது 1960களின் ஒமேகா ஒன்றில். உள்ளே 565 காலிபர் என்ற வகை இயக்கம். மணிக்கு 19,800 துடிப்பு. வழக்கமான 18,000-மும் அல்ல, 21,600-மும் அல்ல. கருவி தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் தடுமாறியது, கையால் அமைத்த பிறகே கோடு நின்றது. வீச்சு 286 என்று காட்டியது. சந்தேகம் வந்து லிஃப்ட் ஆங்கிளை நானே சோதித்தேன். விசை இறங்கும்வரை கடிகாரத்தை ஓடவிட்டு, பேலன்ஸ் சக்கரத்தைக் கைப்பேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடிக்க வேண்டும். வீச்சு சரியாக 180 பாகை ஆகும்போது, சக்கரத்தின் இரு கைகளும் எந்தப் பக்கம் சுழன்று நின்றாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அந்தக் கணத்தில் திரையும் 180 காட்டும்படி லிஃப்ட் ஆங்கிளை மாற்றிக்கொண்டே வந்தேன். 49-இல் பொருந்தியது. அப்படியென்றால் 286 என்று கண்டது உண்மையில் 270. முந்துவது பிந்துவதையோ துடிப்புப் பிழையையோ இந்த எண் பாதிக்காது, வீச்சை மட்டும் ஏமாற்றும்.

அதே ஒமேகாவைக் குப்புற வைத்தபோது வீச்சு 218-க்கு விழுந்தது. "இப்போதுதான் சர்வீஸ் செய்தது" என்ற உறுதிமொழியோடு விற்கப்பட்ட கடிகாரம் அது. டயல் மேலே இருக்கும்போது பேலன்ஸின் எடை, அதைப் பிடித்திருக்கும் பாலத்தின் பக்கத்தில் அச்சு முனையைத் தாங்கும் மூடுகல்லில் அமரும். டயல் கீழே இருக்கும்போது டயல் பக்கத்து மூடுகல்லில் அமரும். ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மோசமாகவும் இருந்தால் தேட வேண்டிய இடம் தெளிவு. டயலைக் கழற்றிப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக் கல்லில் எண்ணெய் பழுப்பு நிறப் பசையாக உறைந்திருந்தது. டயலையும் முட்களையும் கழற்றாமல், மேலே தெரியும் பக்கத்தை மட்டும் துடைத்து எண்ணெயிட்டிருக்கிறார்கள். இந்தக் கருவி இல்லாமல் அதை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கட்டியிருந்த நாட்களில் அது ஒழுங்காகத்தான் நேரம் காட்டியது.

எனக்கு மிகப் பிடித்த அனுபவம் ஒரு வால்தம் பாக்கெட் கடிகாரம். வால்தம் கடிகாரங்களின் இயக்கத்தில் பொறித்த வரிசை எண்ணை வைத்து அவை உருவான காலத்தைக் கண்டறிய முடியும். கூட்டில் உள்ள எண்ணை நம்பக் கூடாது, கூடு பலமுறை மாறியிருக்கும். இந்த வால்தம் நன்றாக ஓடியது, ஆனால் திரையில் கோடு நேராக இல்லாமல் சீரான அலையாக ஏறி இறங்கியது. ஓர் அலைக்கு எத்தனை நேரம் என்று கணக்கிட்டேன். ஆறு விநாடி. எஸ்கேப் சக்கரத்துக்கு 15 பற்கள், ஒரு பல்லுக்கு இரண்டு துடிப்பு, ஒரு சுற்றுக்கு 30 துடிப்பு. விநாடிக்கு ஐந்து துடிப்பு என்றால் ஒரு சுற்று ஆறு விநாடி. ஆக, குறை எஸ்கேப் சக்கரத்திலோ அதன் அச்சிலுள்ள சிறு பற்சக்கரமான பினியனிலோ இருக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பினியனின் இரண்டு இதழ்களுக்கு நடுவே கருத்த புள்ளி ஒன்று, கல்போல் இறுகிய பழைய எண்ணெய். கூர் சீவிய மரக்குச்சியால் அதை எடுத்தேன். அடுத்த முறை ஏற்றியபோது அலை இல்லை. நூறாண்டுக்கு மேல் பழைய பொருளின் எந்தச் சக்கரத்தில் நோய் என்று திரையிலேயே கணக்குப் போட்டுச் சொல்ல முடிந்த அந்த மாலையை என்னால் மறக்க முடியாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். தாங்கியின் ஸ்பிரிங் தேவைக்கு மேல் இறுக்கமானது, மெல்லிய தங்கக் கூட்டை அதில் வைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. அதனால் இடையில் மெல்லிய தோல் துண்டு வைக்கிறேன். உலோகப் பட்டையோடு ஏற்றினால் அதன் உரசலையும் மைக் கேட்டுவிடும், பட்டையைக் கழற்றியே ஆக வேண்டும். மின்விசிறியை நிறுத்தினால்தான் மெல்லிய ஒலியுள்ள சிறிய பெண்கள் கடிகாரங்களில் நிலையான எண் கிடைக்கிறது. அமைத்த லிஃப்ட் ஆங்கிளை அணைத்ததும் மறந்துவிடுகிறது. பத்துக் கடிகாரங்களை அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு இது பெரிய எரிச்சல். கையேடு உதவவில்லை. வீச்சு 330-ஐத் தாண்டும்போது பேலன்ஸின் கல் ஃபோர்க்கின் மறுபுறத்தை இடிக்கத் தொடங்கலாம், பழைய இயக்கத்தில் விசை தரும் மெயின்ஸ்பிரிங்கை அளவு மீறிப் போட்டால் இது நடக்கும் என்பதையெல்லாம் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன். கடிகாரம் திடீரென நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தினால் முதலில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் அதில் இல்லை. பேலன்ஸை ஊசலாட்டும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொள்வதுதான் அதற்குக் காரணம்.

கைப்பேசிச் செயலிகளால் இந்த வேலை முடியாதா என்று கேட்பார்கள். முந்துவது பிந்துவதை ஓரளவு சொல்லும். வீச்சுக்கு அவற்றை நான் நம்புவதில்லை.

துடிப்புப் பிழையைத் திருத்துவது மட்டும் கருவியின் கையில் இல்லை. பிற்காலக் கடிகாரங்களில் ஹேர்ஸ்பிரிங்கின் வெளிமுனையைப் பிடித்திருக்கும் கையை நகர்த்தினால் போதும். வால்தம் போன்றவற்றில் பேலன்ஸைக் கழற்றி, அச்சில் ஹேர்ஸ்பிரிங்கின் உள்முனையைப் பிடித்திருக்கும் வளையமான காலட்டை முடியளவு திருப்பி, மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும். ஒருமுறை தவறினால் ஹேர்ஸ்பிரிங் வளைந்துவிடும். வால்தமில் 2.4 மில்லிவிநாடி இருந்ததை 0.9-க்குக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் அந்த ஸ்பிரிங்கைத் தொடத் துணியவில்லை.

வாங்க நினைப்பவர்கள் தங்களிடம் எந்த வகைக் கடிகாரம் அதிகம் என்று பாருங்கள். மேலே சொன்ன பாலெட் ஃபோர்க்கால் ஓடும் லீவர் எஸ்கேப்மென்ட் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். 1960-இல் வந்த அக்யூட்ரான், விநாடிக்கு 360 முறை அதிரும் இசைக்கவையால் ஓடுவது. என் கருவிக்கு அது ரீங்காரம் மட்டுமே. என்னிடமுள்ள மிகப் பழைய பாக்கெட் கடிகாரம் சிலிண்டர் எஸ்கேப்மென்ட் கொண்டது. அதில் ஃபோர்க்கே கிடையாது. திரையில் புள்ளிகள் சிதறுகின்றன, வீச்சு என்று வரும் எண்ணுக்குப் பொருளில்லை. அதை மட்டும் இன்னமும் காதில் வைத்துத்தான் கேட்கிறேன்.