ஃபேமிலி லிங்க்கா, ரூட்டர் டிஎன்எஸ்ஸா? தெனமும் யாரு மெனக்கெடுறது

ஆபாச சைட்டெல்லாம் கவர்மெண்டு பாத்துக்கும்னு விடுறதா, புள்ளைக்கு ஃபேமிலி லிங்க் (புள்ளைங்க போன பெத்தவங்க கட்டுப்படுத்துற கூகுள் ஆப்பு) போடுறதா, இல்ல வைஃபை ரூட்டர்லயே அடைச்சிடுறதா? எங்க வீட்ல மூணாவதுதான், அதனால அது பக்கம் சாஞ்சுதான் பேசுவேன்.

கவர்மெண்டு தடை பத்திப் பேச பெருசா ஒண்ணுமில்ல. 2018ல 827 சைட்ட முடக்கச் சொன்னாங்க, அதுல சிலது வேற முகவரில திரும்பி வந்துருச்சு. 2019 ஏப்ரல்ல நம்ம மதுரை ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளை டிக்டாக் டவுன்லோட தடுக்கச் சொன்னுச்சு, அந்த மாசமே தடை விலகிருச்சு. அத நம்பி புள்ள கைல போன குடுக்க முடியுமா?

ஃபேமிலி லிங்க் நல்ல ஆப்புதான், நேரக் கட்டுப்பாடு, எந்த ஆப்பு ஏறணும்னு எல்லாம் நம்ம கைல. ஆனா புள்ளைக்குன்னு தனி அக்கவுண்டு, தனி போனு இருந்தாத்தான் அது. நம்ம வீடுகள்ல அப்படியா இருக்கு? பைய அப்பா போன்ல கேம் ஆடுவான், லீவுக்கு மேலூர் போனா அப்பத்தா போன், நடுவுல மாமா வந்தா மாமா போன், இதுல எதுல போய் கண்ட்ரோல் போடுவீங்க? போதாததுக்கு ஒவ்வொரு ஆப்புக்கும் பெர்மிஷன் கேட்டு நோட்டிபிகேஷன் வரும், கடைல கூட்டமா நிக்கிறப்ப பாக்காமலே ஓகே குடுத்துருவோம்.

ரூட்டர் செட்டிங்ஸ்ல டிஎன்எஸ் (சைட்டு பேர வச்சு அதோட முகவரியத் தேடிக் குடுக்குறது) இடத்துல 1.1.1.3, ரெண்டாவதா 1.0.0.3ன்னு போட்டா முடிஞ்சது, ஆபாச சைட்டு முகவரிய அது குடுக்காது. கிளவுட்ஃபேர்ங்கிற இன்டர்நெட் கம்பெனி 2020ல இருந்து காசில்லாம குடுக்குறது. கடைசில 3க்குப் பதிலா 2 போட்டா வைரஸ் சைட்டு மட்டும்தான் அடைபடும், பாத்துப் போடுங்க. வீட்டு வைஃபைல டிவி, டேப்லெட், விருந்தாளி போனு எது ஏறுனாலும் பெரும்பாலும் இதுக்குள்ளதான். அதுக்கப்புறம் நாம தெனமும் செய்ய வேலையே இல்ல, எனக்கு இதுதான் பெருசு. அப்படியே ரூட்டர் செட்டிங்ஸுக்குள்ள போற பாஸ்வேர்டையும் மாத்திருங்க. சில ரூட்டர்ல டிஎன்எஸ் மாத்த விடாது, லைன் போட வர்ற தம்பிட்ட கேட்டுப் பாக்கலாம்.

மொபைல் டேட்டா போட்டா ரூட்டர் ஃபில்டர் செல்லாது, அதனால அப்பத்தா போன்ல செட்டிங்ஸ்ல பிரைவேட் டிஎன்எஸ்னு இருக்கும் பாருங்க (ஆண்ட்ராய்டு 9லயும் அதுக்கு மேலயும்), அங்க ஃபேமிலி டாட் கிளவுட்ஃபேர் ஹைபன் டிஎன்எஸ் டாட் காம்னு இங்கிலீஷ்ல அடிச்சு விட்டுட்டேன். வெவரமான பைய அதையும் ஆஃப் பண்ணிருவான். எங்க வீட்டுது ஏழாப்புதான், பெரிய பசங்க கிட்ட எம்புட்டு நாள் நிக்கும்னு என்னால சொல்ல முடியல. வாட்ஸ்அப் குரூப்புல வர்ற வீடியோ, இன்ஸ்டா ரீல்ஸ் எதையும் இது தொடாது. தனி போன் வாங்கிக் குடுக்குறவங்க ஃபேமிலி லிங்க்கையும் சேத்தே போடுங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்ட போடாது.