விஎம்மில் ஓட மறுத்த கேம்கள்: என் நான்கு வருஷ அனுபவம்

லினக்ஸை விட மனசில்லை, கேமையும் விட முடியவில்லை. அதனால் 2020 கடைசியிலிருந்து உபுண்டு லினக்ஸுக்குள்ளே விண்டோஸ் 10 விஎம் (விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வைத்துத்தான் விளையாடினேன். ஆரம்பத்தில் கேம் திறக்காதபோதெல்லாம் அதை அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்வேன். ராத்திரி முழுக்க 50 ஜிபி இறங்கும், காலையில் அதே கருப்புத் திரை. கோளாறு கேமில் இல்லை என்று புரியவே மாசக்கணக்கில் ஆனது.

புரிந்த பிறகு முதலில் விண்டோஸின் டிஎக்ஸ்டயாக் என்ற சோதனைக் கருவியைத் திறந்து டிஸ்ப்ளே பக்கம் பார்ப்பேன். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், விஎம்முக்குச் சரியான கிராபிக்ஸ் டிரைவரே ஏறவில்லை என்று அர்த்தம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற விஎம் மென்பொருளில் இருந்தபோது அதன் டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டு, 3டி ஆக்சிலரேஷனை டிக் செய்ததுமே பழைய கேம்கள் சில எழுந்துவிட்டன. ஆனால் மவுஸை ஒரு விரற்கடை நகர்த்தினால் கேமரா பம்பரமாகச் சுற்றியது. லினக்ஸும் விஎம்மும் ஒரே மவுஸ் சுட்டியைப் பகிரும் மவுஸ் இன்டக்ரேஷனை அணைத்தேன், அந்த நொடியே நின்றது.

புதிய கேம்களுக்கு அது போதவில்லை. லினக்ஸிலேயே உள்ள விஎம் வசதியான கேவிஎம்முக்கு மாறி, கிராபிக்ஸ் கார்டையே விஎம்மிடம் ஒப்படைத்தேன். என் ரைசன் 5 3400ஜி பிராசசரில் உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் லினக்ஸுக்கு அது, விண்டோஸுக்குத் தனிக் கார்டு. பயாஸில், சாதனங்களை விஎம்முக்குப் பிரித்துக் கொடுக்க உதவும் ஐஓஎம்எம்யூ-வை ஆன் செய்து, லினக்ஸ் தொடுவதற்கு முன்பே கார்டை, விஎம்முக்காகப் பிடித்து வைக்கும் விஎஃப்ஐஓ டிரைவரிடம் கட்டிவிட வேண்டும். கார்டோடு ஒரே ஐஓஎம்எம்யூ குழுவில் இருக்கும் அதன் ஆடியோ பகுதியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். நான் அதை விட்டுவிட்டதால் விஎம் கிளம்பவே இல்லை.

கிளம்பியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43 என்ற பிழை. விஎம்முக்குள் இருப்பதை மோப்பம் பிடித்த என்விடியா டிரைவர் கார்டை இயக்க மறுத்தது. விஎம்மின் அமைப்புகள் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் கேவிஎம்மை மறைக்கும் வரியைச் சேர்த்து, விஎம் தன்னை அடையாளம் காட்டும் வெண்டர் ஐடியில் ஏதோ 12 எழுத்துகளைத் தட்டினேன். திரை பளிச்சென்று வந்தது. 2021-இல் வந்த 465 டிரைவருக்குப் பிறகு இந்த வித்தை தேவைப்படவில்லை.

கேம் ஓடினாலும் நடுநடுவே திக்கியது. பிராசசரின் எட்டு த்ரெட்களில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பாதைகள்) ஆறை விஎம்முக்கென்றே பின் செய்து, அதாவது ஒதுக்கி வைத்து, மீதி இரண்டை லினக்ஸுக்கு விட்டதும் அதுவும் தீர்ந்தது. சும்மா கோர் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இதுதான் பலன் தந்தது.

"மாமா, இது மட்டும் ஏன் ஓடமாட்டேங்குது?" என்று அக்கா மகன் ஒரு ஆன்லைன் கேமைக் காட்டினான். அதன் ஆன்டி-சீட் (ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்) விண்டோஸின் அடிமட்டமான கெர்னல் மட்டத்தில் உட்கார்ந்து விஎம்மைக் கண்டதும் கதவைச் சாத்திவிடும். அங்கே மறைத்துப் பார்க்க நான் துணியவில்லை, பிடிபட்டால் பிள்ளையின் கணக்குக்கே தடை விழும். அந்த ஒரு கேமுக்காகத் தனி எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன்.