செடிக்குத் தண்ணீர் தராத பூவாளி

ஏதென்ஸைச் சேர்ந்த கட்டிடக்கலைஞர் கத்தெரினா கம்ப்ரானியின் ‘தி அன்கம்ஃபர்டபிள்’ வரிசையை இணையத்தில் பார்த்தேன். எல்லாம் வீட்டில் புழங்கும் சாமான்கள்தான், ஆனால் எதுவுமே உருப்படியாக வேலைக்கு ஆகாது, வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தது பூவாளி. வாளி சரி, கைப்பிடி சரி, ஆனால் தண்ணீர் போகிற குழாய் மட்டும் வெளியே நீளாமல் அப்படியே வளைந்து வாளிக்கே திரும்பிவிடுகிறது. முதல் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, சாய்த்து ஊற்றுவதாக மனதுக்குள் நினைத்துப் பார்க்கும்போதுதான் சிரிப்பு வருகிறது. முள்கரண்டியும் அப்படித்தான், முள்ளெல்லாம் ஒழுங்காக இருக்கும், பிடி இருக்க வேண்டிய இடத்தில் சங்கிலி. தூக்கினால் தலை தொங்கிவிடும், அப்புறம் எங்கே சாப்பிடுவது? விரல் தெரிகிற மாதிரி முன்பக்கம் திறந்த மழை பூட்ஸும் உண்டு.

இதில் சூட்சுமம், ஒரே ஒரு இடத்தில்தான் கை வைக்கிறார், மீதியெல்லாம் அச்சு அசல். அதனால்தான் கான்கிரீட் குடை எனக்கு அவ்வளவாக எடுபடவில்லை. கனம் என்று பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது, அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இந்த வகைக் குறும்பு புதிதல்ல. ழாக் கரெல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் 1969-லேயே தபாலில் பொருள் விற்பவர்களின் கேட்லாக்கைக் கிண்டலடித்து, இல்லாத சாமான்களுக்கு ஒரு கேட்லாக் போட்டார். மூக்கும் கைப்பிடியும் ஒரே பக்கம் வைத்த அவருடைய காபிக் கெண்டி ரொம்பப் பிரபலம், பிடித்து ஊற்றினால் சூடு கையில்தான். வடிவமைப்பு நிபுணர் டான் நார்மன் அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பு பற்றி எழுதிய புத்தகத்துக்கு அட்டைப்படமே அதுதான். அதற்கும் முன்னால், 1921-ல், அமெரிக்கக் கலைஞர் மேன் ரே இஸ்திரிப் பெட்டியின் அடியில் வரிசையாக ஆணி ஒட்டினார். அதைப் பார்த்தால் சிரிப்பைவிட பயம்தான் வருகிறது, துணி என்ன ஆகும் என்று. கம்ப்ரானியிடம் அந்த வன்மம் கிடையாது, வெறும் தொந்தரவுதான்.

ஒரு குறை. பல பொருட்கள் கணினியில் வரைந்த படங்களாகவே நின்றுவிடுகின்றன. நிஜமாகச் செய்து வைத்த சிலவற்றின் புகைப்படங்களில்தான் கூடுதல் குசும்பு, கை தானாகவே அதை எடுக்கப் போகிறது.

பார்ப்பதென்றால் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனால், எங்கே கோளாறு என்பதைச் சீக்கிரமே ஊகிக்க ஆரம்பித்துவிடுவோம்.