கூடுவாஞ்சேரியிலிருந்து எழும்பூர் வரை: மின்சார ரயில் சேவை பற்றி ஒரு சீசன் டிக்கெட் பயணி

சென்னை கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயிலில் பல ஆண்டுகளாக வேலைக்குச் சென்று வருபவன் என்ற முறையில், தெற்குப் புறநகரில் வீடு பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்து போக முடியுமானால், இதைவிடச் சிக்கனமான, நம்பகமான சேவை இந்நகரில் வேறில்லை. நடக்க முடியாத தூரமானால் கணக்கே வேறு.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. குரோம்பேட்டையும் பல்லாவரமும் இன்றைய அளவுக்குப் பெருகியது அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான். இன்றும் சாதாரண வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். பூங்கா நிலையத்தில் இறங்கினால் எதிரே சென்ட்ரல், திரிசூலத்தில் இறங்கினால் சாலைக்கு அப்பால் விமான நிலையம், கிண்டியிலும் எழும்பூரிலும் மெட்ரோ என்று இணைப்புகள் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. ஜி.எஸ்.டி. சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும் மாலை வேளையில், அதை ஒட்டியே விரையும் ரயிலில் நின்றுகொண்டு வருவதுகூட எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது.

குறை தாம்பரத்துக்குத் தெற்கே தொடங்குகிறது. தாம்பரம் வரை புறநகர் ரயில்களுக்கெனத் தனிப் பாதை உண்டு. அதற்கப்பால் விரைவு ரயில்களோடு பாதையைப் பகிர வேண்டியிருப்பதால், வண்டிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுவது அந்தப் பக்கத்தில்தான்.

2025 ஏப்ரலில் அறிமுகமான குளிர்சாதன ரயில், தானியங்கிக் கதவுகளோடு, படிக்கட்டுப் பயணத்துக்கு இடமில்லாமல் பாதுகாப்பாக இருக்கிறது. குறைந்தபட்சம் 35 ரூபாய் என்பது அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது; காரில் போகிறவரை ரயிலுக்கு இழுக்க அது போதுமானது என்பதால், இந்த வண்டிகள் பெருகுவதை வரவேற்கிறேன், சாதாரண வண்டிகள் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்ற நிபந்தனையோடு.

நிலையத்திலிருந்து வீடு வரையிலான கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் என்னை மிகவும் வருத்துகிறது. ஏரிக்கரைகளைத் தாண்டி மனைப்பிரிவுகள் விரியும் வேகத்துக்குச் சிற்றுந்துகள் வருவதில்லை. ஷேர் ஆட்டோவுக்கு ஒரு நாளில் கொடுக்கும் தொகை, ரயில் கட்டணத்தைப் பல மடங்கு மிஞ்சிவிடுகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபோது, தண்டவாளம் அவ்வளவு அருகில் இருந்தும், அங்கே ரயில் நிலையம் இல்லை. ரயிலை முதலில் கொண்டுவந்து ஊரைப் பிறகு வளர்த்த ஒரு பாதையில் இப்படி நேர்ந்தது ஏற்கத்தக்கதன்று.

ஆகவே, வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு வேலைநாள் காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து நடைமேடை வரை ஒருமுறை சென்று பாருங்கள்.